நூலுக்கு ஈரம் உண்டு, நெஞ்சுக்கு உண்டா?

ஈரம் என்ற சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள். நீரின் கசிவும் ஈரம். நெஞ்சின் கனிவும் ஈரம். மண்ணிலே ஈரம் இருந்தால் பயிர் விளையும். மனத்திலே ஈரம் இருந்தால் மனிதத் தன்மை விளையும். ஈரமற்ற நிலத்தைத் தரிசு என்கிறோம். ஈரமற்ற நெஞ்சத்தானை என்னவென்பது? நாம் பெயர் சூட்டத் தேவையில்லை. நாடு அவனுக்கு எத்தனையோ பட்டங்களை ஏற்கெனவே வழங்கியிருக்கிறது!

நம் நாட்டு நூற்பாலைகளிலே முதல்வகை ஈரத்துக்குப் பஞ்சமில்லை. விலை கொடுத்து எந்திரம் வாங்கி, மின்சாரம் செலவிட்டு, விசிறிகளைச் சுழலவிட்டு, நீரைத் தூவி, இரவு பகல் இடைவெளியின்றி ஈரம் ஊட்டுகிறார்கள். யாருக்கு? நூலுக்கு! அந்த நூலை நூற்கும் உழைப்பாளியின்பால் காட்டப்படும் இரண்டாம்வகை ஈரம் எவ்வளவு? அதை அளந்து பார்க்கவே இன்று முற்படுகிறோம். நெஞ்சின் ஈரத்தை அளக்கக் கருவி ஏது என்று கேட்பீர்கள். இருக்கிறது, தோழர்களே! இரண்டு வெப்பமானிகள், ஒரு துணித் திரி, ஒரு சிறு கிண்ணத் தண்ணீர் — அவ்வளவுதான் அந்தக் கருவி. அது எப்படி அளக்கும் என்பதைப் பிறகு சொல்கிறோம். முதலில் பஞ்சின் கதை.

பஞ்சு கேட்கும் ஈரம்

பஞ்சு விந்தையான பொருள். அது காற்றிலிருந்து நீரைக் குடிக்கும். காற்று காய்ந்துவிட்டால் குடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். நூறு கிலோ உலர்ந்த பருத்தி நூலுக்கு எட்டரைக் கிலோ நீர் என்பது வாணிப உலகம் ஒப்புக்கொண்டுள்ள கணக்கு. அந்த எட்டரைக் கிலோ, நூல் விலையிலேயே விற்பனையாகும். ஆறரைக் கிலோதான் இருக்கிறது என்றால், இரண்டு கிலோ எடை குறைந்தது. இரண்டு கிலோ நூலின் காசு குறைந்தது. காற்றிலே ஈரம் குறைந்தால் முதலாளியின் பெட்டியிலே பணம் குறையும் என்பது வெறும் பேச்சல்ல, தராசு சொல்லும் உண்மை.

எடை மட்டுமா? ஈரம் குறைந்த இழை வலுவிழக்கும். உராயும்போது மின்னேற்றம் பெறும். மின்னேற்றம் பெற்ற இழைகள் ஒன்றையொன்று தள்ளி, ஒட்டாமல் விறைத்து நிற்கும். பஞ்சுத் தூசு பறக்கும். நூல் அறுந்து அறுந்து விழும். சரி, ஈரத்தை அள்ளிக் கொட்டிவிடலாமா? அதுவும் ஆகாது. மிகுந்தால் இழை உருளைகளிலே சுற்றிக்கொள்ளும்; இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே துறைக்குத் துறை அளவு வகுத்திருக்கிறார்கள். கார்டிங்கில் ஏறத்தாழ 50 முதல் 55 விழுக்காடு, கதிர்கள் சுழலும் ஸ்பின்னிங்கில் 55 முதல் 60, கோன் சுற்றும் வைண்டிங்கில் 60 முதல் 65, தறிக்கூடத்தில் 80 விழுக்காட்டை ஒட்டி. பத்தியம் பார்த்து நோயாளிக்குச் சோறு போடும் தாயும் இவ்வளவு கணக்குப் பார்ப்பாளோ, மாட்டாளோ!

கோவை நகருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1888இல் அங்கே முதல் பஞ்சாலை எழுந்தது. 1930களில் பைகாரா நீர்மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்ததும், ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. பாலக்காட்டுக் கணவாய் வழியே பருவக்காற்று வீசும் மாதங்களில் வானமே ஓரளவு ஈரம் வழங்கும். பங்குனியிலும் மாசியிலும் பிற்பகற் காற்று காய்ந்துபோகும். அப்போது எந்திரம்தான் வழங்கவேண்டும். 1956இல் கோவையிலேயே தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. நூலைப் பற்றிய அறிவு நம்மிடம் நிரம்ப உண்டு. குறை அங்கே இல்லை.

கண்ணாடிக் கட்டிலிலே நூலைப் படுக்க வைத்து, பன்னீர் தெளித்து, மயிலிறகால் விசிறாத குறையாகப் பராமரிக்கிறார்கள். நாம் அதைக் குறை கூறவில்லை. நூல் அறுந்தால், அறுந்த நூலை ஓடி ஓடி இணைக்க வேண்டியவளும் நம் சகோதரிதான். நூலுக்கு நலம் என்றால் அவளுக்கும் ஒரு பாதி நலம். ஆனால் மறுபாதி எங்கே?

உடல் கேட்கும் குளிர்ச்சி

கொங்குநாட்டு ஆலை ஒன்றிலே இப்படி ஓர் உரையாடல் நடப்பதாக எண்ணிப் பாருங்கள்.

"ஏனுங்க மேஸ்திரி, அந்தச் சன்னல ஒரு ஓரமாத் தொறந்து உடுங்களே! மூச்சு முட்டுதுங்க."

"தொறந்தா நூலு அறுந்து போகுங் கண்ணு. உனக்கு மூச்சு முட்டுனா ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுக்கலாம். நூலு அறுந்தா மேல இருந்து கேள்வி வருமே, அதுக்கு நான் என்னத்தக் குடிக்கிறது?"

மேஸ்திரி கொடியவர் அல்லர். அவரும் மாதச் சம்பளக்காரர். அவர் நெற்றியிலும் வியர்வைதான் வழிகிறது. அவரைப் பேச வைப்பது ஓர் ஏற்பாடு. நூலுக்குக் கேள்வி கேட்க ஆள் உண்டு; ஆளுக்குக் கேள்வி கேட்க ஆள் இல்லை என்ற ஏற்பாடு!

மனித உடல் எப்படித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது? வியர்வையால். வியர்வை வழிவதால் அல்ல, அது ஆவியாகப் பறப்பதால். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகிப் போகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து வாங்கிக்கொண்டு போகிறது. சுற்றியுள்ள காற்றோ ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருந்தால், வியர்வை பறக்க இடமில்லை. வழியும்; உடை நனையும்; உப்பும் நீரும் உடலை விட்டுப் போகும்; வெப்பம் மட்டும் உள்ளேயே தங்கும். செலவு முழுதும் உண்டு, வரவு ஒன்றுமில்லை!

இப்போது அந்தக் கருவிக்கு வருவோம். இரண்டு வெப்பமானிகளில் ஒன்று சாதாரணமானது, அது உலர்குமிழ். மற்றொன்றின் குமிழிலே ஈரத்திரி சுற்றியிருக்கும், அது ஈரக்குமிழ். திரியின் நீர் ஆவியாகும் அளவுக்கு அந்தக் குமிழ் குளிரும். காற்று காய்ந்திருந்தால் இரண்டுக்கும் இடையே வேறுபாடு பெரிது. ஈரம் நிறைந்திருந்தால் சிறிது. வியர்த்த உடல் எவ்வளவு குளிர முடியும் என்பதை அந்த ஈரக்குமிழ் எடுத்துக் காட்டுகிறது. அது கண்ணாடியில் செய்த தொழிலாளி!

கணக்கைப் பாருங்கள். வெயில் 40 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 20 விழுக்காடு என்றால், ஈரக்குமிழ் காட்டுவது சுமார் 23 டிகிரி. தறிக்கூடத்திலே வெப்பம் 34 டிகிரிதான், ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், ஈரக்குமிழ் காட்டுவது சுமார் 31. நாற்பதைவிட முப்பத்து நான்கு குறைவுதானே என்பான் கணக்கு அறியாதவன். குறைந்த எண்ணுக்குள்ளே கொடிய வேதனை ஒளிந்திருக்கிறது என்பான் உடலறிந்தவன். 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், நோயற்ற இளைஞர்களை ஆய்வறையிலே இலேசான வேலை செய்யவைத்துச் சோதித்தார்கள். ஈரம் நிறைந்த காற்றிலே ஈரக்குமிழ் 31 டிகிரியை நெருங்கும்போதே, உடல் தன் வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்திருக்க முடியாமல் தத்தளிக்கத் தொடங்குகிறது என்று கண்டார்கள். அங்கே நோயற்ற இளைஞர்கள், இலேசான வேலை, பக்கத்திலே மருத்துவர். இங்கே ஐம்பது வயதுத் தாய், எட்டு மணி நேர ஷிப்ட், பக்கத்திலே சூபர்வைசர்!

லங்காஷயர் கற்பித்த பாடம்

இது இன்று நேற்றுத் தோன்றிய துன்பமல்ல. பஞ்சாலைத் தொழிலின் பிறந்தகமான இங்கிலாந்தின் லங்காஷயரிலேயே இந்தப் போராட்டம் நடந்திருக்கிறது.

1861இல் அமெரிக்காவிலே உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து வந்த நல்ல பருத்தி நின்றது. கிடைத்தது இந்தியப் பருத்தி, இழை குட்டை. குட்டை இழைப் பாவுக்கு வலுவும் எடையும் ஏற்ற, கஞ்சியோடு வெண்களிமண்ணைக் குழைத்துப் பூசினார்கள். போர் முடிந்தும் களிமண் போகவில்லை. எடைக்கு எடை இலாபம் அல்லவா! களிமண் பூசிய பாவு காய்ந்தால் பொரிந்து அறும். அறாமல் இருக்க என்ன வழி? நெசவுக்கூடத்துக்குள்ளே கொதிநீராவியைக் குழாய் வைத்துப் பாய்ச்சினார்கள். துணியின் கனத்துக்கு மண். மண் ஒட்டுவதற்கு ஆவி. ஆவியிலே அவிவதற்கு மனிதன்! டாட்மார்டன் நகரத்து நெசவாளர்கள் முறையிட்டார்கள். 1872இல் அரசு மருத்துவர் ஒருவர் ஆய்ந்து அறிக்கை தந்தார். முறையீடு முழக்கமாயிற்று, முழக்கம் சட்டமாயிற்று. 1889ஆம் ஆண்டின் பருத்தித் துணி ஆலைச் சட்டம், இன்ன வெப்பத்துக்கு இன்ன அளவு ஈரம்தான் என்று பட்டியல் போட்டது. உலர்குமிழும் ஈரக்குமிழும் நெசவுக்கூடத்திலே இருக்கவேண்டும் என்று விதித்தது.

அந்தச் சட்டத்தை மன்னரின் மனம் இளகித் தந்ததாக எண்ணிவிடாதீர்கள். நெசவாளர் கேட்டார்கள், ஒன்றுபட்டுக் கேட்டார்கள், விடாது கேட்டார்கள். கேட்டதால் கிடைத்தது.

அட்லாண்டிக்கின் மறுகரையிலே வேறொரு கதை. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். வண்ணப்படம் அச்சிடும்போது, கோடை ஈரத்தால் காகிதம் விரியும், சுருங்கும். ஒரு நிறத்தின் மேல் மறுநிறம் பொருந்தாமல் விலகும். அதைத் தீர்க்க அழைக்கப்பட்டவர் வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது எஞ்சினியர். குளிர்ந்த குழாய்களின்மேல் காற்றைச் செலுத்தி, அதிலுள்ள மிகை நீரைப் படியவைத்துப் பிரித்து, காற்றின் ஈரத்தை 55 விழுக்காட்டில் நிறுத்த வழி வகுத்தார். 1906இல் அமெரிக்கப் பஞ்சாலை எஞ்சினியர் ஸ்டூவர்ட் கிராமர், நூலின் ஈரத்தைச் சீர்செய்யும் தம் முறைக்கு 'ஏர் கண்டிஷனிங்' என்று பெயரிட்டார்.

நண்பர்களே, இதை எண்ணிப் பாருங்கள். இன்று அமைச்சர் அறையிலும் அதிகாரி அறையிலும் நகைக்கடையிலும் சில்லென்று வீசுகிறதே ஏர் கண்டிஷன், அந்தச் சொல்லே பஞ்சாலையிலே பிறந்த சொல்! காகிதத்துக்காகத் தோன்றி, நூலுக்காகப் பெயர் பெற்று, பணம் படைத்தவருக்காகப் பரவி, ஊரெல்லாம் சுற்றிவிட்டது. ஆனால், பிறந்த வீட்டிலே உழைத்துக்கொண்டிருந்த தொழிலாளியை மட்டும் அது இன்னும் சரியாக அடையாளம் கண்டுகொள்ளவில்லை!

சிலையும் வியர்க்கும், கூரையும் வியர்க்கும்

ஈரத்தைக் காற்றிலே ஏற்றுவது ஒரு வேலை. ஏற்றிய ஈரம் வேண்டாத இடத்திலே நீராக இறங்காமல் காப்பது மற்றொரு வேலை. இரண்டாவதுதான் பல ஆலைகளிலே தலைவலி.

'சிலை வியர்த்தது, தெய்வம் மனம் கலங்குகிறது' என்று அவ்வப்போது ஊரிலே பரபரப்புக் கிளம்பும். கூட்டம் கூடும், உண்டியல் நிறையும். பகுத்தறிவு என்ன கூறுகிறது? சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று தாங்காது. 30 டிகிரிக் காற்று, கன மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக் காற்று தாங்குவது 17 கிராம்தான். காற்று குளிர்ந்தால், தாங்க முடியாத பங்கை நீராக இறக்கி வைத்துவிடும். அது இறங்கத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். இரவெல்லாம் குளிர்ந்த கருங்கல்லின்மேல் விளக்குச் சூடும் மக்கள் மூச்சும் நிறைந்த ஈரக்காற்று பட்டால், கல் நனையும். தேநீர்க் கடையிலே ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் நனைகிறதே, அதே விதி! பாட்டிலுக்கு மனக்கலக்கம் என்று யாரும் தேங்காய் உடைப்பதில்லை!

அதே விதிதான் ஆலைக் கூரையிலும். உள்ளே 30 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 21 டிகிரி. மார்கழி இரவிலே கோவையின் தகரக் கூரை அதற்கும் கீழே குளிர்ந்துவிடும். உடனே கூரையின் அடிப்புறத்தில் நீர் முத்து முத்தாகக் கோக்கும், சொட்டும். கீழே கோனில் கறை, ரிங்கில் துரு, மின்பெட்டியில் தீப்பொறி, தரையில் வழுக்கல். வழுக்கி விழுபவன் யார்? இரவு ஷிப்ட் தொழிலாளி. சில ஆலைகளிலே இதற்குச் செய்யும் பரிகாரம் என்ன தெரியுமா? வாசலிலே திருஷ்டிப் பூசணிக்காய்! பூசணிக்காய்க்கு வெள்ளிதோறும் கற்பூரம். சுவரிலே தொங்கும் ஈரக்குமிழுக்குத் திரி மாற்ற ஆண்டுக்கொரு முறையும் ஆள் இல்லை!

திரி காய்ந்தால் என்ன ஆகும்? இரண்டு வெப்பமானிகளும் ஒரே எண்ணைக் காட்டும். காற்றிலே நூற்றுக்கு நூறு ஈரம் என்று கருவி பொய் சாட்சி சொல்லும். பொய் என்று எல்லோரும் அறிவார்கள். ஆகவே யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள். பதிவேட்டிலே மட்டும் நாள்தோறும் அழகான எண்கள் ஏறும். கற்பனை வளம் கவிஞர்களுக்கு மட்டுமே சொந்தம் என்று யார் சொன்னது!

கூரைச் சொட்டலுக்கு உண்மைப் பரிகாரம் எளிது. கூரையின் அடியிலே வெப்பம் கடத்தாத தடுப்புப் போட்டால், அதன் உட்புறம் பனிநிலைக்குக் கீழே குளிராது. பழைய ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறி ஓயாமல் ஓடவேண்டும். எந்திரம் நின்ற பிறகு நீர்தூவலை முதலில் நிறுத்தி, விசிறியைப் பிறகு நிறுத்தவேண்டும். அதே கூரைத் தடுப்பு, சித்திரை வெயிலிலே மேலிருந்து இறங்கும் வெக்கையையும் தடுக்கும். மார்கழியிலே நூலைக் காக்கும் கூரை, சித்திரையிலே ஆளையும் காக்கும்!

பகை எங்கே இருக்கிறது?

இங்கேதான் நாம் அழுத்தமாகச் சொல்ல விரும்பும் ஒன்று இருக்கிறது. 'நூலுக்கு ஈரம் கொடுத்தால் ஆள் வேகத்தான் செய்வான். ஆளைக் குளிர்வித்தால் நூல் அறத்தான் செய்யும். என்ன செய்வது, இயற்கை' என்று கைவிரிக்கிறார்கள். இயற்கை அப்படிச் சொல்லவில்லை, அன்பர்களே!

நூல் கேட்பது விழுக்காடு. காற்று 34 டிகிரியாக இருந்து ஈரம் 60 விழுக்காடானாலும், 28 டிகிரியாக இருந்து அதே 60 விழுக்காடானாலும், நூலுக்கு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஆளுக்கு? முன்னதில் ஈரக்குமிழ் 27 டிகிரியையும் தாண்டும். பின்னதில் 22 டிகிரி அளவிலே நிற்கும். ஐந்து டிகிரி வேறுபாடு! அந்த ஐந்து டிகிரியிலேதான் ஒரு தொழிலாளி மாலையிலே வீட்டுக்கு நடந்து போவதும், தள்ளாடிப் போவதும் இருக்கிறது. நூலுக்கும் ஆளுக்கும் பகை இல்லை. பகை, செலவுக் கணக்கிலே இருக்கிறது.

வெறுமனே நீராவியைக் கூடத்துக்குள் பாய்ச்சினால் செலவு குறைவு, வெக்கை மிகுதி. வெளிக்காற்றை இழுத்து, நீர்த்தூவல் அறையிலே குளிப்பாட்டி, குளிரவைத்து, நிலத்தடிக் குழாய் வழியே அனுப்பி, சூடேறிய காற்றை அகற்றினால், ஆவியாகும் நீரே காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுழலும் கதிர்கள் உமிழும் சூட்டை அதுதான் எடுத்துச் செல்லும். நல்ல ஆலைகளிலே இது நடக்கிறது. மறைக்கவில்லை, பாராட்டுகிறோம். நடக்கமுடியும் என்பதற்கு அவையே சான்று. அங்கே நடப்பது இங்கே ஏன் நடக்கவில்லை என்பதே நம் கேள்வி.

முதலாளி கூறுவார்: "மின்கட்டணம் ஏறிவிட்டது; பஞ்சு விலை ஏறிவிட்டது; வெளிநாட்டுப் போட்டி." அத்தனையும் உண்மையாகவே இருக்கட்டும். பஞ்சு விலை ஏறியது என்று பஞ்சுக்குப் பதிலாக வைக்கோலையா நூற்கிறீர்கள்? நூலுக்கு 60 விழுக்காட்டுக்குப் பதிலாக 40 போதும் என்று சிக்கனம் பிடிக்கிறீர்களா? நூலிடம் சிக்கனம் செல்லாது, அறுந்து காட்டும். ஆளிடம்தான் சிக்கனம் செல்லும். அவன் அறுவது வெளியே தெரியாது!

திரியை யார் கையிலே கொடுப்பது?

சட்டம் இல்லையா என்பீர்கள். இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 15ஆம் பிரிவிலே செயற்கை ஈரமூட்டலைப் பற்றிப் பேசிற்று. அளவு வகுக்கவும், முறைகளை ஒழுங்குபடுத்தவும், சோதனைகளை விதிக்கவும் மாநில அரசுக்கு அதிகாரம் அளித்தது. தூவும் நீர் குடிநீராக, அல்லது தூய்மை செய்யப்பட்ட நீராக இருக்கவேண்டும் என்றது. அது வெறும் அலங்காரமல்ல. தேங்கி அழுகிய நீரைத் தூவினால், அதில் வளரும் நுண்ணுயிர்கள் காற்றோடு நுரையீரலுக்குள் புகும்; காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வரும். மாநிலங்கள் அந்தப் பிரிவின்கீழ் விதிகள் செய்தன. உலர்குமிழ் 85 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் நீராவி பாய்ச்சக்கூடாது என்றும், ஈரக்குமிழுக்கு உச்சவரம்பு இதுவென்றும் எழுதின.

பிறகு வந்தது பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம். 2020இல் நாடாளுமன்றத்திலே நிறைவேறியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 23ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். காற்றோட்டம், வெப்பம், ஈரப்பதம், செயற்கை ஈரமூட்டலின் அளவு அத்தனையையும் வகுப்பவர் யார்? ஒன்றிய அரசு!

என்னே விந்தை! கோவையின் கதிர்க் கூடத்திலே எவ்வளவு ஈரம் இருக்கவேண்டும் என்பதை யமுனைக்கரை வகுக்கவேண்டுமாம். டெல்லியின் உச்சக் கோடை உலர்ந்த கோடை; அனல் வீசும், வியர்வை பறக்கும். நம் கடற்கரைக் கோடை ஈரக்கோடை. வியர்வை பறக்காது, வழியும். அங்கே 40 டிகிரி சுடுகிறது. இங்கே 34 டிகிரி அவிக்கிறது. அவனவன் வியர்வையை அவனவன் மண்ணல்லவா அறியும்? மாநிலச் சுயாட்சி என்று நாம் முழங்கும்போது, அது மேடைப் பேச்சு, கொடியும் கோட்டையும் பற்றிய பேச்சு என்று எண்ணுவோர் உண்டு. இல்லை, ஐயா, இல்லை! ஈரக்குமிழின் திரி யார் கையிலே இருக்கவேண்டும் என்பதும் மாநிலச் சுயாட்சிதான்!

அதே மூச்சிலே மற்றொன்றும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நேர்மை ஆகாது. அதிகாரம் மாநிலத்தின் கையிலே இருந்த அந்த நீண்ட காலத்திலே, எல்லா ஆலையிலும் திரி நனைந்திருந்ததா? பதிவேட்டு எண்கள் எல்லாம் உண்மை எண்களா? இல்லையே! அதிகாரம் வேண்டும் என்று கேட்பது, அதை அலமாரியில் பூட்டி வைப்பதற்கல்ல. உரிமைக்குக் குரல் கொடுப்போம். உரிமையைப் பயன்படுத்தாதவர் நம்மவரே ஆனாலும் கேள்வி கேட்போம்.

நாம் கேட்பவை

நாம் கேட்பவை வானத்து நட்சத்திரங்கள் அல்ல. ஒவ்வொரு கூடத்திலும் ஈரக்குமிழ் இருக்கட்டும், திரி நனைந்திருக்கட்டும். முற்பகல், நண்பகல், பிற்பகல் மூன்று வேளையும், இரவு ஷிப்டிலும், அது காட்டும் எண்ணை எல்லோரும் காணும்படி கரும்பலகையில் எழுதட்டும். பூட்டிய பதிவேட்டில் இருக்கும் எண் முதலாளிக்குச் சொந்தம்; பலகையில் இருக்கும் எண் தொழிலாளிக்கும் சொந்தம். எண் வரம்பைத் தாண்டினால் நீர்தூவலை மட்டுமல்ல, வேலையையும் நிறுத்தி ஓய்வு கொடுக்கட்டும். ஓய்வு நேரத்துக்குக் கூலி குறையாதிருக்கட்டும். தூவும் நீரைத் தொழிலாளர் பிரதிநிதி பார்க்கட்டும். தான் குடிக்கத் தயங்கும் நீரைத் தன் தோழர்கள் மூச்சிலே ஏற்ற அவர் ஒப்பமாட்டார்.

அந்தப் பலகை தமிழிலே இருக்கட்டும். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஆலைகளிலே நிற்கிறார்களே உழைப்பாளர்கள், அவர்களுக்குப் புரியும் மொழியிலும் பக்கத்திலே எழுதட்டும். இந்தித் திணிப்பை எதிர்ப்பவர்கள் நாம். இந்தி பேசும் ஏழையை எதிர்ப்பவர்கள் அல்லோம். ஆணைக்கு மொழி உண்டு. வியர்வைக்கு மொழி இல்லை.

1918இல் சென்னையிலே ஆலைத் தொழிலாளர்கள் கூடிச் சங்கம் கண்டார்கள். கூலி ஏறவும், நேரம் குறையவும், சவுக்கும் வசையும் ஒழியவும் சங்கங்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடின. சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலே இனிக் காற்றும் ஏறவேண்டும். கூலி என்பது உழைத்த பிறகு கைக்கு வருவது. காற்று என்பது உழைக்கும்போதே உள்ளே போவது. கூலியைக் கேட்டுப் பெற்றவர்களுக்குக் காற்றைக் கேட்கத் தெரியாதா?

நூலாலே நாடு உடுத்துகிறது. அந்த நூலின் ஈரத்தை அரை விழுக்காடு பிசகாமல் காக்கும் அறிவு நம்மிடம் இருக்கிறது, கருவி இருக்கிறது, எஞ்சினியர் இருக்கிறார். அந்த அறிவை நான்கு அடி தள்ளி, நூலுக்குப் பக்கத்திலே நிற்கும் மனிதனிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அவ்வளவுதான். தோழர்களே, நாளைக் காலை ஷிப்டுக்குப் போகும்போது சுவரைப் பாருங்கள். ஈரக்குமிழின் திரியைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் எண்ணைப் படியுங்கள். காய்ந்திருந்தால் கேளுங்கள். ஒருவராகக் கேட்டால் முணுமுணுப்பு. ஊராகக் கேட்டால் முழக்கம்!